மயில் கடக்கும் சாலையில் தானியம் கிடக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

‘மயில் மோதி டூவீலரில் சென்றவர் காயம்’ என்று மாவட்டச் செய்திப் பக்கத்தில் அவ்வப்போது இரண்டு வரி வருகிறது. மயில் திடீரெனக் குறுக்கே பறந்தது என்பதோடு செய்தி முடிந்துவிடும். அந்தத் ‘திடீரென’ என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மயில் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதற்காகச் சாலைக்கு வரும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். சொல்ல முடிகிற ஒன்றைத் தடுக்கவும் முடியும். திருச்சி–மதுரை நாற்கரச் சாலையில் விராலிமலைச் சுற்றுவட்டாரத்தையும், அங்கிருந்து பிரியும் கிராமச் சாலைகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன். திண்டுக்கல், பல்லடம், உடுமலைப் பக்கத்து வாசகர்களுக்கும் இது பொருந்தும்.

முதல் காரணம் தானியம். கம்பு, சோளம், கொள்ளு, உளுந்து, எள் எதுவானாலும் அறுவடை முடிந்ததும் தார்ச்சாலையில் பரப்புவது வழக்கமாகிவிட்டது. தார்ச் சூட்டில் ஈரம் சீக்கிரம் இறங்குகிறது. கொள்ளுக்கும் உளுந்துக்கும் போகிற வண்டிகளின் சக்கரமே போரடித்துக் கொடுத்துவிடுகிறது. களம் இல்லாத விவசாயியை இதற்காகத் திட்டிப் பயனில்லை. ஆனால் மாலையில் வாரிக்கொண்டு போன பிறகும் தாரின் சொரசொரப்பிலும் ஓரத்து மண்ணிலும் கைப்பிடி கைப்பிடியாகத் தானியம் தங்கிவிடுகிறது. காவலுக்கு வைத்த கற்களும் அப்படியே கிடக்கின்றன. பல நாளைக்குப் பறவைகளுக்கு அங்கேதான் தீனி.

இரண்டாவது, லாரியிலிருந்து சிந்துவது. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் விளையும் மக்காச்சோளம் நாமக்கல் கோழித் தீவனத்துக்குப் போகிறது. கிழிந்த சாக்கு, பின்கதவின் இடுக்கு, தார்ப்பாய் கட்டாத மேற்பாரம், இவற்றிலிருந்து சிந்துவது சாலை முழுவதும் ஒரே சீராகச் சிந்துவதில்லை. வேகத்தடையிலும், திரும்புகிற வளைவிலும், எடைமேடை வாசலிலும்தான் அதிகம் கொட்டுகிறது. ஆக, பறவை கூடும் இடத்தை வேகத்தடைகளை வைத்தே குறித்துவிடலாம். வேகத்தடையைத் தாண்டியதும் ஓட்டுநர் வேகமெடுப்பார். அதே இடத்தில்தான் மயில் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கும்.

ஒரு பிடிச் சோளம் இரண்டு வேளைக்கும் கேடு செய்கிறது. பகலில் மணிப்புறா, தவிட்டுப்புறா, மைனா, கவுதாரி, மயில் எல்லாம் அதைத் தேடி வருகின்றன. இரவில் அதே தானியத்துக்கு எலி வருகிறது. எலிக்குக் கூகையும் புள்ளி ஆந்தையும் வருகின்றன. கூகை இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில், கண்ணும் காதும் தரையிலேயே இருக்க, சத்தமில்லாமல் தாழப் பறந்து வேட்டையாடும் பறவை. அது பறக்கும் உயரமும் லாரியின் முகப்பு உயரமும் ஒன்று. அடிபட்ட புறாவைக் கொத்தக் காகமும் பருந்தும் இறங்கி, அவையும் அடிபடுகின்றன. ஊருக்கு வெளியே இரவோடு இரவாகக் கோழிக்கழிவைச் சாலையோரம் கொட்டுகிறவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

மயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆண் மயில் 4 முதல் 6 கிலோ வரை இருக்கும். பெட்டை 3, 4 கிலோ. (தோகை என்பது வால் அல்ல. வாலை மூடியிருக்கும் இறகுகள் நீண்டு வளர்ந்ததுதான் தோகை. உண்மையான வால் அதற்கு அடியில் குட்டையாக இருக்கிறது.) தோகையோடு சேர்த்து இரண்டு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள இந்தப் பறவை சிட்டுக்குருவியைப் போல நின்ற இடத்திலிருந்து விருட்டென்று எழும்பாது. பயந்தால் முதலில் ஓடும், புதரைத் தேடும். புதர் கிடைக்காவிட்டால்தான் சிறகடிக்கும். அப்படி எழும்பும்போது சரிவாக, மெதுவாகத்தான் உயரம் ஏறுகிறது. சாலையின் நடுவை அடையும் நேரத்தில் அது இருப்பது ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் உயரம். டூவீலரில் வருபவரின் நெஞ்சும் முகமும், காரின் முன்கண்ணாடியும் இருப்பதும் அந்த உயரத்தில்தான்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 5 கிலோ மயில் மோதுவது, 5 கிலோ அரிசிப் பையை மூன்றாவது மாடியிலிருந்து தலையில் போடுவதற்குச் சமம். கணக்கு எளியது. அந்த வேகத்தை எட்ட ஒரு பொருள் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். கழுத்துப் பட்டை கட்டாத ஹெல்மெட் இந்த அடியில் கழன்று போய்விடும்.

வேகத்தைப் பறவை எப்படி எடைபோடுகிறது என்பது பற்றி வெளிநாடுகளில் நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பிரான்சில் செய்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று, வரும் காரின் உண்மையான வேகத்தைப் பறவைகள் பார்ப்பதில்லை, அந்தச் சாலையில் வழக்கமாக வண்டிகள் போகும் வேகத்துக்குத் தக்கபடியே எழும்புகின்றன என்று காட்டியது. நம் கிராமச் சாலைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் விஷயம் புரியும். டிராக்டரும் மினி பஸ்ஸும் 30, 40-இல் போகிற சாலையில் பழகிய மயில், 90-இல் வரும் காருக்கும் டிராக்டருக்குக் கொடுக்கும் அவகாசத்தையே கொடுக்கிறது.

‘பறவைகளே பழகிக்கொள்ளும்’ என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பாலங்களின் அடியில் கூடு கட்டும் ஒருவகைத் தகைவிலானை 30 ஆண்டுகள் கவனித்த ஆய்வு, சாலையில் அடிபட்டுச் சாகும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்ததையும், செத்தவற்றின் சிறகு மற்றவற்றைவிட நீளமாக இருந்ததையும் பதிவு செய்தது உண்மைதான். குட்டைச் சிறகு சட்டென்று திரும்ப உதவுகிறது. ஆனால் அது ஆயிரக்கணக்கில் கூட்டமாக வாழும் சிறு பறவை. ஆண்டுக்கு ஒரு முறை தரையில் முட்டையிட்டு 28 நாள் அடைகாக்கும் மயிலுக்கு அந்த வேகத்தில் மாற்றம் வந்து சேரும் என்று காத்திருக்க முடியாது.

ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய நேரம் இரண்டு. விடிந்ததும் மயில்கள் அடையும் மரத்திலிருந்து இறங்கி மேயப் போகும் வேளை, பிறகு பொழுது சாய்ந்து மரத்துக்குத் திரும்பும் வேளை. காலை ஆறிலிருந்து ஒன்பதும், மாலை நாலரையிலிருந்து ஆறரையும் என்று வைத்துக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் ஆண் மயில்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சாலைக்கு வரும். அந்த மாதங்களில் நிறுத்தி வைத்த காரின் கதவில் தன் நிழலைப் பார்த்து எதிரி என்று நினைத்துக் கொத்தும். கண்ணாடிகளுக்குத் துணிப்பை மாட்டி, பளபளப்பான கதவுகளை ஒரு சாக்கால் மறைத்தால் போதும். அதற்கு அடுத்த மாதங்களில் பெட்டை குஞ்சுகளோடு நடக்கும். ஒரு பெட்டை கடந்துவிட்டது, இனிப் போகலாம் என்று ஆக்சிலேட்டரை முறுக்குவதில்தான் பல குஞ்சுகள் சாகின்றன. முன்னால் போனது தாய். அதன் பின்னால் நாலைந்து குஞ்சுகள் புல்லுக்குள் நிற்கும். ஒன்றைக் கண்டால் கடைசிப் பறவை போகும்வரை நிற்க வேண்டும்.

மயிலைத் தூரத்திலேயே பார்த்துவிட்டால் வேகத்தைக் குறைத்துவிட்டு, ஹாரனை ஒருமுறை சுருக்கமாக அடித்தால் அது நடந்தே ஓரம் போய்விடும். பத்து மீட்டர் நெருங்கிய பிறகு விடாமல் அடிக்கும் ஹாரன்தான் அதை நம் முகத்துக்கு நேரே பறக்க வைக்கிறது. மோதல் தவிர்க்க முடியாத நிலையில் டூவீலரின் ஹேண்டிலைச் சட்டென்று ஒடிக்கக் கூடாது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நேர்கோட்டில் நிறுத்தப் பார்க்க வேண்டும். காயப்போட்ட தானியத்தின் மேல் என்றால் பிரேக்கே பிடிக்காது. சக்கரம் உருண்டு வழுக்கும். ஆகவே தானியம் தெரிகிற இடத்துக்கு முன்பே வேகம் 30-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு வைத்திருக்கும் கணக்குப்படி, ஓட்டுபவர் கண்டு, உணர்ந்து, பிரேக் பிடித்து நிற்க 40 கிலோமீட்டர் வேகத்தில் 45 மீட்டரும், 60-இல் 80 மீட்டரும், 80-இல் 120 மீட்டரும் வேண்டும். டூவீலரின் லோ பீம் இரவில் 40 மீட்டருக்கு மேல் ஒன்றையும் தெளிவாகக் காட்டுவதில்லை. இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் கிராமச் சாலையில் இரவு வேகம் எவ்வளவு இருக்கலாம் என்பது தெரிந்துவிடும்.

இரவைப் பேசும்போது பக்கியை விட்டுவிட முடியாது. பலர் இதைப் பார்த்திருப்பார்கள், பெயர் தெரிந்திருக்காது. ஆளில்லாத சாலையின் நடுவே, ஹெட்லைட் வெளிச்சத்தில் சிவப்புக் கனல்போல் இரண்டு புள்ளிகள் தெரியும். சருகு நிறத்தில் தரையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் பறவை அது. பூச்சியைப் பறந்து பிடித்துத் தின்பது. திறந்த சாலையில் வானத்தின் பின்னணியில் பூச்சி நன்றாகத் தெரிவதாலும், தார் இரவிலும் வெதுவெதுப்பாக இருப்பதாலும் அங்கே வந்து உட்காருகிறது. நிறமே தன்னை மறைக்கும் என்ற நம்பிக்கையில் கடைசி நொடிவரை அசையாது. ஹை பீம் கண்ணில் அடித்தால் இன்னும் அசையாது. வெளிச்சத்தைத் தாழ்த்தி, வேகத்தை நன்றாகக் குறைத்தால் எழுந்து பறந்துவிடும். முதல் மழை பெய்து ஈசல் கிளம்பும் மாலைகளில் தெருவிளக்கின் அடியிலும் பாலத்தின் மேலும் பக்கி, புள்ளி ஆந்தை எல்லாம் கூடும். பொழுது இருக்கும்போது அதே ஈசலுக்குக் கரிச்சானும் பனங்காடையும் சாலையில் இறங்கும். ஈசல் பறக்கும் அந்த ஒரு மணி நேரம் சாலையில் அதிகம் சாவு விழுகிற நேரங்களில் ஒன்று. சத்தியமங்கலம் காட்டில் பண்ணாரி–காரப்பள்ளம் இடையே உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 பிப்ரவரியில் வந்த இரவுக் கட்டுப்பாடு, யானைக்கும் சிறுத்தைக்கும் மட்டுமல்ல, பக்கிக்கும் நல்லது.

அடுத்து நெடுஞ்சாலைத் துறைக்கு. ‘மயில்கள் கடக்கும் பகுதி’ என்று ஒரு பலகை நட்டுவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். ஆண்டு முழுவதும் நிற்கும் பலகை மூன்றாம் நாளே கண்ணில் படாமல் போய்விடும். எத்தனை கிலோமீட்டருக்கு என்ற தூரமும், காலை மாலை நேரமும் பலகையில் இருக்க வேண்டும். அதன் அடியில் சாலையில் அதிர்வுக் கோடுகளும் இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் சாலையோரம். சீமைக்கருவேலம் தார் விளிம்புவரை வந்து நிற்கும் இடங்களில் ஓட்டுபவருக்குப் பறவை தெரியாது, பறவைக்கும் வண்டி தெரியாது. விளிம்பிலிருந்து மூன்று மீட்டர் அகலத்துக்குப் புதரை வெட்டிப் புல்லைக் குட்டையாக வைத்தால் இரு தரப்புக்கும் பார்வை கிடைக்கும், எலியும் குறையும். அந்த மூன்று மீட்டருக்கு அப்பால் புளி, வேம்பு, புங்கன் போன்ற மரங்கள் இடைவெளியில்லாமல் உயர்ந்து நின்றால், கூகையும் செம்போத்தும் சாலையைக் கடக்க மரத்தின் உயரத்துக்கு ஏறியே ஆக வேண்டும். லாரிக்கு மேலே கடந்துவிடும். விரிவாக்கத்துக்காகப் பழைய புளியமரங்களை வெட்டிய இடங்களில் இந்த உயரம் போய்விட்டது. புதர் வெட்டும் வேலையை மார்கழி, தை மாதங்களில் முடிக்க வேண்டும். சித்திரைக்குப் பிறகு வெட்டினால் மயில், கவுதாரி, ஆள்காட்டி எல்லாவற்றின் முட்டையும் அரிவாளுக்குப் போகும். இவை எல்லாமே தரையில் முட்டையிடுபவை. ஆள்காட்டி சாலையோரச் சரளைக் கற்களிலேயே இட்டுவிடும்.

நாற்கரச் சாலையின் சென்டர் மீடியனில் அரளி வைப்பது எதிரே வரும் வெளிச்சத்தை மறைக்கத்தான். அதில் குறையில்லை. ஆனால் பழம் காய்க்கும் செடியை நடுவில் வைத்தால் கொண்டைக்குருவியும் மைனாவும் இரு பக்கமும் தாழப் பறந்து போய் வரும். காங்கிரீட் சுவராக மீடியன் கட்டிய இடங்களில் இன்னொரு சிக்கல். தாய் மயில் தாண்டிவிடும், குஞ்சுகள் சுவர் அடியில் வேகமான டிராக்கில் மாட்டிக்கொள்ளும். அடியில் ஓரடி அகலத் திறப்புகளை இடைவெளி விட்டு வைத்தால் போதும், மழைநீருக்கும் அது வழியாகும்.

அடிபட்ட பறவையைக் கண்டால் முதலில் நம் வண்டியை ஓரம் கட்டி இண்டிகேட்டர்களை எரியவிட வேண்டும். செத்திருந்தால் ஒரு குச்சியாலோ பையைக் கையில் மாட்டிக்கொண்டோ தார் விளிம்பைவிட்டுப் பத்து மீட்டராவது தள்ளிப் போட வேண்டும். இல்லையென்றால் அதைத் தின்ன வரும் பருந்தும் காகமும் அடுத்த பலி. உயிரோடிருந்தால் ஒரு துண்டைத் தலைவரை போர்த்தி, சிறகுகளை உடலோடு சேர்த்து அணைத்துத் தூக்க வேண்டும். நெஞ்சை இறுக்கக் கூடாது. பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சை இயக்கும் தசை) கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. மயிலின் கால் முள்ளும், ஆந்தையின் நகமும் ஆழமாகக் கிழிக்கும் என்பதால் கால்களைத் துணியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். கொக்கு, நாரை என்றால் நம் முகத்தை விலக்கி வைக்க வேண்டும், அவை நேரே கண்ணைக் குத்தும். மயிலைத் தோகையைப் பிடித்து இழுத்தால் இறகு கொத்தாகக் கையோடு வரும், மயில் ஓடிவிடும்.

வாயில் தண்ணீர் ஊற்றுவதுதான் நல்ல மனதோடு செய்யப்படும் பெரிய தவறு. பறவையின் மூச்சுக்குழல் நாக்கின் பின்பகுதியை ஒட்டியே திறந்திருக்கிறது. மயங்கிய பறவைக்கு ஊற்றும் நீர் நேரே நுரையீரலுக்குப் போகும். சோறும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். எண்ணெய் பட்ட இறகு உடல் சூட்டைக் காக்காது. இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடிப்பது போதும். காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து உள்ளே விட்டு மூடி, இருட்டாக, சத்தமில்லாத, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். புள்ளி ஆந்தைக்குச் செருப்புப் பெட்டி போதும், மயிலுக்கு வாஷிங் மெஷின் வந்த பெட்டி அளவு வேண்டும். சாக்கில் கட்டினால் வெப்பத்திலேயே செத்துவிடும். கண்ணாடியில் மோதி மயங்கிய சிறு பறவை ஒன்றிரண்டு மணி நேரத்தில் தெளிந்து நிமிர்ந்து நிற்கும். இரண்டு சிறகும் ஒரே உயரத்தில் இருந்தால் திறந்த வெளியில் பெட்டியைத் திறந்து விடலாம். ஒரு சிறகு தொங்கினாலோ, தலை ஒருபக்கம் சாய்ந்தே இருந்தாலோ கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வனச்சரக அலுவலகத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும். ஆந்தைகளுக்கு மட்டும் பொழுது சாய்ந்த பிறகே விடுதலை. பகலில் விட்டால் காகங்கள் துரத்தி மறுபடியும் சாலைக்கே தள்ளும்.

‘சொன்னால் கேஸ் போடுவார்கள்’ என்ற பயத்தில் பலர் மயிலை அடித்துவிட்டு நிற்காமல் போகிறார்கள். மயில் 1963 முதல் தேசியப் பறவை, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. வேட்டையாடினால் தண்டனை கடுமையானதுதான். ஆனால் இறந்து கிடந்த வனவிலங்கையும், தவறுதலாகக் கொல்லப்பட்டதையும் சட்டத்தின் 39-ஆவது பிரிவு தனியே குறிப்பிட்டு, அவை அரசின் உடைமை என்கிறது. அதைக் கையில் எடுத்தவர் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ உரிய வன அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். கறிக்கோ தோகைக்கோ எடுத்துப் போவதுதான் ஆளைச் சிக்க வைக்கும். தகவல் சொல்லும்போது தேதி, நேரம், பக்கத்துக் கிலோமீட்டர் கல்லின் எண், ஆணா பெட்டையா குஞ்சா, சாலையில் தானியம் கிடந்ததா என்ற ஐந்தையும் சொல்லுங்கள். முடிந்தால் கல் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். சிறு பறவைகளின் உடலை விடிந்த சில மணி நேரத்தில் காகமும் கீரியும் நாயும் தூக்கிப் போய்விடும் என்பதால், அதிகாலையில் எடுத்த குறிப்புக்கே மதிப்பு அதிகம். ஒரே கல் எண் திரும்பத் திரும்ப வந்தால் எங்கே அதிர்வுக் கோடு போட வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஊராட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். நெல்லை 5 சென்டிமீட்டர் கனத்தில் பரப்ப ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 35 சதுர மீட்டர் வேண்டும், மக்காச்சோளத்துக்கு 28 போதும். 20 மீட்டருக்கு 20 மீட்டர் உலர்களம் ஒரே நேரத்தில் 11 டன் நெல்லைத் தாங்கும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சாய்வு வைக்காமல் கட்டிய களங்களில் முதல் மழையிலேயே நீர் நின்றுவிடும், மக்கள் மறுபடி தாருக்கே போய்விடுவார்கள். டிராக்டர் உள்ளே வந்து திரும்ப அகலமான பாதை வேண்டும், கொள்ளும் உளுந்தும் போரடிக்க அது இருந்தே ஆக வேண்டும். தை அறுவடைக்கு முன் இடம் பார்ப்பவர்கள் நெடுஞ்சாலை ஓரத்துப் புறம்போக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நூறு மீட்டராவது உள்ளே தள்ளி இருக்கட்டும். களத்தில் சிந்துகிற தானியத்துக்கு மயில் எப்படியும் வரும். வந்துவிட்டுப் போகட்டும், அங்கே அதன்மேல் மோத லாரி இல்லை.

இப்படிக்கு,
விராலிமலைப் பகுதிப் பறவை ஆர்வலர் ஒருவர்